ஃப்ரீ பெட்ரோல்... பில் யாருக்கு?

காலை எட்டே கால். ஒன்பதரைக்கு செமஸ்டர் எக்ஸாம். பையில் ஹால் டிக்கெட், சட்டைப் பாக்கெட்டில் ரெண்டு பேனா, மனசுக்குள்ள இன்னும் முடியாத அஞ்சாவது யூனிட். பஸ்ஸில் ஜன்னலோர சீட் வேற கிடைச்சாச்சு. 'பரவாயில்லையே, இன்னிக்கு நல்ல நாள்தான் போல'ன்னு நீங்க நினைக்கிற அந்த நிமிஷம் பார்த்து பஸ் நின்னுடுது.

அஞ்சு நிமிஷம்... பத்து நிமிஷம்... கால் மணி நேரம். சிக்னல் இல்லை. விபத்து இல்லை. ஊர்வலமும் இல்லை. ஆனா வண்டி ஒரு இஞ்ச் நகரலை. இறங்கிப் போய்ப் பார்த்துட்டு வந்த கண்டக்டர் சொல்றார்: "முன்னாடி பங்க்ல ஏதோ கம்பெனிக்காரன் பெட்ரோல் ஃப்ரீயா கொடுக்கிறானாம்ப்பா. ரோடு பூரா வண்டி!"

இப்போ ஒரு கேள்வி. அந்த இலவச பெட்ரோலுக்குக் காசு கொடுத்தது யார்?

'கம்பெனிதான்'னு சொன்னீங்கன்னா பாதி மார்க். மீதிப் பாதியைக் கொடுத்தது, பஸ்ஸுக்குள்ள வாட்ச்சைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற நீங்க!

மேலே சொன்ன பஸ் கற்பனைதான். ஆனா இந்தக் கதை உலகத்துல நிஜமாவே நடந்திருக்கு. ஒரு தடவை இல்லை, பல தடவை.

லண்டனில் ஒரு வெள்ளிக்கிழமை

'நீட் ஃபார் ஸ்பீடு' கேம் ஆடாத ஆள் நம்ம ஹாஸ்டல்ல இருக்க முடியாது. அதை வெளியிட்டது 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' என்கிற அமெரிக்க கம்பெனி. ஸ்க்ரீன்ல காரை அந்த வேகத்துல ஓட விட்ட அதே கம்பெனி, ஒரு நாள் நிஜ ரோட்டில் கார்களை நகர விடாமல் நிறுத்திய கதை இது.

2008-ஆம் வருஷம். ஜூலை மாதத்தில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலர் வரை எகிறியிருந்தது. பிரிட்டனில் பெட்ரோல் லிட்டர் 1 பவுண்டைத் தாண்டிவிட்டது. டேங்கை நிரப்பும்போதே வயிறு எரிகிற காலம். அப்போதுதான் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 'மெர்சினரீஸ் 2' என்ற கேமை வெளியிட்டது. வெனிசுவேலாவில் நடக்கிற கதை. அந்த கேமுக்குள் எண்ணெய்தான் பணம் மாதிரி. விளம்பரத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசித்த மூளைக்கு 'பளிச்'சென்று ஒரு ஐடியா: லண்டனில் ஒரு பங்க்கைப் பிடிப்போம், பெட்ரோலை இலவசமாகக் கொடுப்போம்!

செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை. வடக்கு லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க் பகுதியில் ஒரு பெட்ரோல் பங்க். ஒரு காருக்கு 40 பவுண்டுக்கு பெட்ரோல். மொத்தம் 20 ஆயிரம் பவுண்டு. கணக்குப் போட்டால் 500 கார்களுக்குத்தான் வரும். ஆனால் 'ஃப்ரீ' என்கிற வார்த்தைக்கு 500-ல் நிற்கத் தெரியாதே! கார்கள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. சுற்றுவட்டாரச் சாலைகள் அப்படியே உறைந்து போயின. வேலைக்குப் போகிறவர்கள், வெள்ளிக்கிழமை காலையில் அவசரமாகக் கிளம்பியவர்கள் எல்லோரும் நடுரோட்டில். கடைசியில் போலீஸ் தலையிட வேண்டியதாயிற்று. பக்கத்துத் தொகுதியின் எம்.பி. லின் ஃபெதர்ஸ்டோன், இது பொறுப்பில்லாத வேலை என்று வெளிப்படையாகவே கண்டித்தார்.

இதில் ஒரு வேடிக்கையையும் கவனிங்க. நெரிசலைக் குறைக்கணும் என்பதற்காகவே, நகரின் மையப் பகுதிக்குள் காரில் வருகிறவர்களிடம் கட்டணம் வசூலிக்கிற ஊர் லண்டன். 2003-லிருந்தே அந்தத் திட்டம் இருக்கிறது. 2008-ல் ஒரு நாளைக்கு 8 பவுண்டு. ஃபின்ஸ்பரி பார்க் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிற இடம்தான். ஆனாலும், ஒரு தனி மனுஷன் காரை ஓட்டிக்கொண்டு உள்ளே போனால் நெரிசலுக்கு விலை உண்டு என்று சொல்கிற நகரத்தில், ஒரு கம்பெனி ஒரு வட்டாரத்தையே முடக்கிவிட்டு அதைப் 'பரிசு' என்று சொல்லிக்கொண்டது!

ஒரு தடவைதானா?

இல்லை, பாஸ். அடுத்த சீன் அமெரிக்கா. 2019 ஆகஸ்ட் 15. அமேசான் பிரைம் வீடியோவில் 'தி மார்வெலஸ் மிஸஸ் மெய்சல்' என்று ஒரு தொடர். 1950-களின் கடைசியில் நடக்கிற கதை. அதை விளம்பரப்படுத்த, 'இன்று ஒரு நாள் மட்டும் 1959-ம் வருஷ விலை' என்று லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில் பல கடைகளில் ஆஃபர். சான்டா மோனிகாவில் ஒரு பங்க்கில் கேலன் பெட்ரோல் 30 சென்ட். அப்போது அங்கே நிஜ விலை 3 டாலருக்கும் மேல். விளைவு? அதே வரிசை, அதே நெரிசல். போலீஸ் வந்து கொஞ்ச நேரம் விற்பனையையே நிறுத்தி வைத்தது. அன்றைக்குத்தான் எம்மி விருதுகளுக்கான இறுதி வாக்குப்பதிவும் தொடங்கியது என்பது கூடுதல் தகவல்.

2022 மார்ச் 17, சிகாகோ. ரஷ்யா-உக்ரைன் போர் தொடங்கி பெட்ரோல் விலை பறந்த நேரம். வில்லி வில்சன் என்ற தொழிலதிபர் 10 பங்க்குகளில் 2 லட்சம் டாலருக்கு இலவச பெட்ரோல் அறிவித்தார். ஆளுக்கு 50 டாலர். முந்தின ராத்திரியே வந்து காருக்குள் தூங்கி எழுந்தவர்கள் உண்டு. விடிந்தபோது பல தெருக்கள் அடைத்துக் கிடந்தன. ஒரு வாரம் கழித்து அவரே 10 லட்சம் டாலருக்கு மறுபடியும் கொடுத்தார். இந்த முறை பங்க்குகளின் எண்ணிக்கையை ஏறக்குறைய ஐம்பதாக உயர்த்தினார்கள். போக்குவரத்தைச் சமாளிக்க போலீஸும் முன்கூட்டியே தயாரானது. அந்த போலீஸுக்குச் சம்பளம் யார் வரிப்பணம்? அதையும் யோசிங்க. அடுத்த மாதமே அவர் மேயர் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார்.

நம்ம நாட்டுக்கும் வருவோம். 2022 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாள். மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் ஓர் இளைஞர் அமைப்பு, விலைவாசி உயர்வைச் சுட்டிக்காட்டுவதற்காக, லிட்டர் பெட்ரோலை 1 ரூபாய்க்குக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு லிட்டர், மொத்தம் 500 பேருக்கு. இங்கே நோக்கம் வியாபாரம் இல்லை. ஆனாலும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த போலீஸ் வர வேண்டியிருந்தது. அதாவது, கொடுக்கிறவரின் மனசு எப்படி இருந்தாலும் ரோட்டின் அகலம் மாறப்போவதில்லை!

ஒரு சின்னக் கணக்கு

இது ஏன் ஒவ்வொரு தடவையும் இப்படியே ஆகுது? மேத்ஸ் பிடிக்காதவங்களும் பயப்படாம வாங்க, எல்.கே.ஜி. கணக்குதான்.

ஒரு பங்க்கில் 6 பம்புகள் இருக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார் உள்ளே வந்து, பெட்ரோல் போட்டு, வெளியே போக 4 நிமிஷம். அப்படியென்றால் ஒரு பம்புக்கு மணிக்கு 15 கார். ஆறுக்கும் சேர்த்து 90. 500 கார்களை அனுப்பி வைக்க அஞ்சரை மணி நேரம் ஆகும்!

அடுத்தது இடம். முன்னால் பின்னால் இடைவெளியோடு சேர்த்து ஒரு காருக்கு 6 மீட்டர். நூறு கார் வரிசையில் நின்றால் 600 மீட்டர். பங்க்குக்குள் எத்தனை கார் நிற்கும்? மிஞ்சிப் போனால் இருபது. மிச்சம் எங்கே நிற்கும்? வேற எங்கே... உங்க பஸ்ஸுக்கு முன்னாடிதான்!

இன்னும் ஒரு கணக்கு. 60 பேர் இருக்கிற ஒரு பஸ் அரை மணி நேரம் நின்றால் 30 மணி நேர மனித வாழ்க்கை போச்சு. அந்த மாதிரி பத்து பஸ் என்றால் 300 மணி நேரம். இந்த 300 மணி நேரம் எந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டிலும் வராது. இதுக்குத்தான் பொருளாதாரத்தில் 'எக்ஸ்டர்னாலிட்டி' என்று பெயர். ஒருத்தர் செய்கிற வேலையின் செலவு, அதில் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் தலையில் விடிவது. ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1920-ல் எழுதிய புத்தகத்திலேயே இதை அலசியிருக்கிறார். எகனாமிக்ஸ் பசங்களுக்கு இது இரண்டு மார்க் கேள்வி. ரோட்டில் நிற்கிறவனுக்கு அரை நாள் சம்பளம்.

சரி, வரிசையில் நின்றவருக்காவது லாபமா? இன்ஜினை ஓட விட்டு சும்மா நிற்கும் கார், அதன் சைஸைப் பொறுத்து, மணிக்கு கால் கேலன் முதல் அரை கேலன் வரை எரிபொருளைக் குடிக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஏறக்குறைய 1 முதல் 2 லிட்டர். பெட்ரோலுக்காக நின்று பெட்ரோலை எரிப்பது... கடன் வாங்கி உண்டியலில் போடுகிற மாதிரி!

"ஏங்க, கஷ்டப்படுறவங்களுக்கு உதவி கிடைக்குதே, அதைப் போய்க் குறை சொல்றீங்களே?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. சிகாகோ வரிசையில் அந்த 50 டாலர் நிஜமாகவே தேவைப்பட்டவர்கள் இருந்தார்கள். ராத்திரி முழுக்க காத்திருக்கிறவரைக் கிண்டல் பண்ண நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிங்க. இலவச பெட்ரோல் கிடைப்பது வண்டி வைத்திருப்பவருக்கு. வண்டியே இல்லாமல் பஸ்ஸில் போகிறவருக்குக் கிடைப்பது என்ன? தாமதம் மட்டும்தான். அவரைவிட வசதி குறைந்தவர் பல சமயம் அந்த பஸ்ஸுக்குள்தானே இருக்கிறார்?

லேட் ஆனா மட்டும் பரவாயில்லையா?

பரீட்சைக்கு லேட்டானால் அரியர் எழுதிக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் லேட்டானால்?

2019-ல் திருத்தப்பட்ட நம் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஆம்புலன்ஸுக்கு வழி விடாத ஓட்டுநருக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே விதிக்கலாம். ஒரே ஒரு வண்டி குறுக்கே நின்றாலே இவ்வளவு பெரிய குற்றம் என்றால், 'வாங்க வாங்க' என்று அழைத்து ஒரு சாலையையே குறுக்கே நிறுத்துகிறவரை என்ன சொல்ல?

கார் வரிசையில் இரும்போடு இரும்பு மோதும். கார் இல்லாதவர்களின் வரிசையில் உடம்போடு உடம்பு மோதும். 2023 பிப்ரவரி 4, வாணியம்பாடி. தைப்பூசத்தை முன்னிட்டு தனியார் ஒருவர் இலவச வேட்டி-சேலை கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். அதற்கான டோக்கன் வாங்கத்தான் கூட்டம். சேலைகூட இல்லை, வெறும் டோக்கன். நெரிசலில் சிக்கி நான்கு பெண்கள் இறந்து போனார்கள். கொடுக்க நினைத்தவர் யாரையும் கொல்ல நினைத்திருக்க மாட்டார். ஆனால் எத்தனை பேர் வருவார்கள், எங்கே நிற்பார்கள் என்று முன்கூட்டியே யோசிக்காத தர்மம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

சமூகப் பொறுப்பு... அப்படின்னா?

எம்.பி.ஏ., பி.காம். நண்பர்கள் 'சி.எஸ்.ஆர்.' என்று சிலபஸில் படித்திருப்பீங்க. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு. ஆர்ச்சி கரோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1991-ல் இதை ஒரு பிரமிடாக வரைந்து காட்டினார். அடித்தளம்: லாபம் சம்பாதிப்பது. அதற்கு மேலே சட்டத்தை மதிப்பது. அதற்கும் மேலே நியாயமாக நடப்பது. உச்சியில்தான் தானதர்மம். இலவச பெட்ரோல் காரர்கள் செய்தது என்ன? மூன்றாவது மாடியை மறந்துவிட்டு நேரே மொட்டை மாடிக்குத் தாவினார்கள். நடுவில் மாடியே இல்லாத கட்டடம் நிற்குமா?

இந்த விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் கொஞ்சம் உஷாராகவே இருக்கிறது. 2013-ம் வருஷ கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, இல்லை 1,000 கோடி விற்றுமுதல், இல்லை 5 கோடி நிகர லாபம்... இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். சராசரி லாபம் 100 கோடி என்றால் 2 கோடி. 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

"அப்போ நானும் ஒரு நாள் பெட்ரோலை இனாமாக் கொடுத்துட்டு சி.எஸ்.ஆர்.னு கணக்கு எழுதிக்கலாமே?" முடியாது! மாரத்தான், விருது விழா, விளம்பரம் போன்ற ஒரு நாள் கூத்துகளை சி.எஸ்.ஆர். கணக்கில் சேர்க்க முடியாது என்று 2014 ஜூனிலேயே மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. தன் பொருளுக்கு விளம்பர லாபம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பும் கணக்கில் வராது என்று 2021-ல் விதியிலேயே எழுதிவிட்டார்கள். விளம்பரம் பண்ணுங்க, தப்பே இல்லை. அதுக்கு 'சேவை'ன்னு பேர் வைக்காதீங்க. சட்டம் சொல்வது இவ்வளவுதான்.

குறள் சொன்னா பெட்ரோல்!

அப்போ பெட்ரோலை வைத்து நல்லதாக எதுவுமே செய்ய முடியாதா? முடியும். நம் கரூர் மாவட்டத்திலேயே செய்து காட்டினார்கள். 2021 ஜனவரியில் திருவள்ளுவர் தினத்தை ஒட்டி அங்கே ஒரு பெட்ரோல் பங்க் அறிவித்தது: பெற்றோரோடு வரும் பள்ளிப் பிள்ளைகள் 20 குறளை ஒப்பித்தால் 1 லிட்டர் பெட்ரோல் இலவசம். 10 குறள் என்றால் அரை லிட்டர். சொன்ன குறளையே திரும்பச் சொல்லக் கூடாது, புதுக் குறளோடு மறுபடியும் வரலாம்.

இதுவும் விளம்பரம்தான். பங்க்குக்குப் பேர் கிடைத்தது, பேப்பரில் செய்தி வந்தது. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்க. ஒரு நாள் ஆஃபர் இல்லை, ஏப்ரல் 30 வரை மூன்றரை மாதம். அதனால் 'இன்னிக்கு விட்டா போச்சு' என்று யாரும் அடித்துப் பிடித்து ஓட வேண்டியதில்லை. 20 குறள் மனப்பாடம் ஆகிற வேகத்தில்தான் வண்டியே வரும். வரிசை ரோட்டில் நிற்கவில்லை, பிள்ளைகள் வீட்டிலேயே உட்கார்ந்து படித்தது. பெட்ரோல் தீர்ந்த பிறகும் குறள் மிச்சம் இருக்கும்!

உங்க கையில்தான் இருக்கு

'இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம், எனக்கென்ன?'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. அடுத்த மாதம் உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பான்சர் பிடிக்கப் போறது நீங்கதான். "கேட்ல முதல் 200 பேருக்கு டி-ஷர்ட் ஃப்ரீன்னு போட்டுடலாம் மச்சி"ன்னு கமிட்டி மீட்டிங்கில் ஒருத்தன் கண்டிப்பா சொல்வான். அஞ்சு வருஷம் கழிச்சு ஏதோ ஒரு கம்பெனியில் 'கலக்கலா ஒரு ஐடியா கொடுங்க'ன்னு உங்களைத்தான் கேட்பாங்க. அப்போ இந்த நாலு கேள்வியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒன்று: 200 பேருக்குக் கொடுக்கிறோம், சரி. வரப்போறது எத்தனை பேர்? 201-வது ஆளுக்கு என்ன பதில்?

இரண்டு: அவங்க எங்கே நிற்பாங்க? நம்ம இடத்திலா, ஊரார் ரோட்டிலா?

மூன்று: ஒரே நாளில் கொடுத்தே ஆகணுமா? முன்பதிவு, குலுக்கல், தபாலில் கூப்பன்... கூட்டமே சேராமல் கொடுக்க வழி இருக்கா?

நான்கு: இதில் சம்பந்தமே இல்லாத ஒருத்தர் ஏதாவது இழக்கிறாரா? அவர்கிட்டே நாம கேட்டோமா?

நாலாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தால், மற்ற மூன்றும் தானாகச் சரியாகிவிடும்.

ஃபின்ஸ்பரி பார்க்கில் அன்றைக்குக் கொடுத்த 20 ஆயிரம் பவுண்டுக்கும் கம்பெனியிடம் கணக்கு இருந்திருக்கும். நடுரோட்டில் நின்றவர்கள் இழந்த நேரத்துக்கு யாரிடமும் கணக்கு இல்லை. கொடுத்த கணக்கை மட்டும் எழுதுவது வியாபாரம். அடுத்தவரிடமிருந்து எடுத்துக்கொண்ட கணக்கையும் சேர்த்து எழுதினால்தான் அதற்குப் பெயர் பொறுப்பு.

அடுத்த தடவை உங்க போனுக்கு 'இன்று ஒரு நாள் மட்டும்! முற்றிலும் இலவசம்!'னு ஒரு மெசேஜ் வந்தா, வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. ஏதோ ஒரு பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், ஹால் டிக்கெட்டோட ஒருத்தர் வாட்ச்சைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் உங்க ஃப்ரெண்டாகூட இருக்கலாம்!